பதினான்காம் எலியின் அளவு

தனுவச்சபுரம் கல்லூரி நிறுத்தத்தில் பேருந்து காலியாகிவிடும். பாறசாலையில் முண்டியடித்து ஏறிய பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கே இறங்கிப் போவார்கள். அதற்கப்புறம் உள்ள இரண்டு நிறுத்தங்களுக்கு ஜோஸ்னாவும் நடத்துநரும் மட்டும்தான். இரண்டு வருடமாக அதே பேருந்து, அதே நடத்துநர். எங்கே இறங்க வேண்டும் என்று அவர் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. ரப்பர் தோட்டத்து வளைவில் மணி அடிக்கும், அவள் இறங்கிக்கொள்வாள்.

தோட்டத்துக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்துக்கு ஊரில் எலிவீடு என்று பெயர். ஜோஸ்னாவுக்கு அங்கே எலிகளை அளக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை சபையில் யாராவது விசாரித்தால் அவள் விளக்கிச் சொல்வாள். கேட்டவர்கள் கடைசியில், "எலிமருந்து கம்பெனியாக்கும், இல்லியா மக்கா? எங்க மச்சுல ஒண்ணு கெடந்து உருட்டுது. கொஞ்சம் கொண்டு தாயேன்" என்பார்கள். முதல் ஒரு வருடம் திருத்திப் பார்த்தாள். பிறகு, கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிடப் பழகிக்கொண்டாள்.

அந்த வேலைக்குச் சில விதிகள் உண்டு. பவுடர் போடக்கூடாது. மணக்கும் எண்ணெய் தேய்க்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. வீட்டில் பூனை வளர்க்கக்கூடாது. புது வாசனை பட்டால் எலி மிரளும், மிரண்ட எலியின் உடம்பு நோயோடு வேறு மாதிரி சண்டை போடும், அப்புறம் கணக்கெல்லாம் தப்பிப்போகும். அப்பாவும் அம்மாவும் அக்காவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள பெங்களூருக்குப் போய் ஒன்பது மாதம் ஆகிவிட்டது. ஆகவே வாசனையோ பூனையோ ஆளோ இல்லாத வீட்டிலிருந்து அவள் தினமும் காலையில் புறப்பட்டு, பேச்சுக்குரல் கேட்கக்கூடாத அறைக்குள் போவாள். அந்த அறையில் காற்று சுற்றும் இயந்திரத்தின் ஒரே சுருதி இரைச்சல் மட்டும் இருக்கும்.

இந்த முறை இருபத்துநான்கு சுண்டெலிகள், கூண்டுக்கு நான்கு வீதம் ஆறு கூண்டுகள். எல்லாவற்றின் வலது தொடையிலும், ஆய்வை நடத்தும் ஆனந்தலட்சுமி மேடம் ஒரு வைரஸை ஊசியால் ஏற்றியிருந்தார். ஒரு வாரத்தில் அந்த இடத்தில் கட்டி வரும். இரண்டாவது வாரம் முடிவதற்குள் அரைநெல்லிக்காய் அளவுக்குத் திரளும். ஆரோக்கியமான எலியாக இருந்தால், அதற்கு மேல் மருந்து எதுவும் இல்லாமலே கட்டி கரையத் தொடங்கும். மூன்று வாரத்தில் தொடை பழையபடி ஆகிவிடும். முதன்முதலில் இதைக் கண்ணால் பார்த்தபோது ஜோஸ்னாவுக்கு நம்பவே முடியவில்லை.

"ஒவ்வொரு செல்லும் உள்ள என்ன இருக்குன்னு கொஞ்சம் எடுத்து வெளிய காட்டிட்டே இருக்கும், கேட்டியா," என்று மேடம் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தார். "வைரஸ் கேறின செல்லு, வைரஸோட துண்டையும் சேத்துக் காட்டிரும். ரத்தத்துல சுத்திட்டு வாற கொல்லி செல்லு அதத் தொட்டுப் பாக்கும். இது நம்ம வீட்டு சாமானம் இல்லியேன்னு தெரிஞ்சா உடனே அந்தச் செல்லை முடிச்சிரும். அப்பிடி ஒவ்வொண்ணா முடிச்சு முடிச்சுத்தான் கட்டி கரையுது."

"அப்பம் கொல்லி செல் இல்லாத எலிக்கு?"

"அதைத்தானே பாக்கப் போறோம்."

பன்னிரண்டு எலிகளுக்கு, கொல்லி செல்களை மட்டும் தேடித் தீர்த்துவிடும் ஒரு எதிர்ப்பொருளை மேடம் வாரத்துக்கு இரண்டு முறை ஊசியில் கொடுத்து வந்தார். எந்தக் கூண்டுக்கு ஊசி, எந்தக் கூண்டுக்கு இல்லை என்பது மேடத்துக்கு மட்டும்தான் தெரியும். அளக்கிறவளுக்குத் தெரியக்கூடாது. ஆனால் பதின்மூன்றாம் நாள் ஆனபோது கண் உள்ள எவருக்கும் தெரிந்துவிட்டது. ஒன்று, மூன்று, ஆறு ஆகிய கூண்டுகளில் கட்டிகள் சுருங்கின. இரண்டு, நான்கு, ஐந்தில் இன்னும் பெருத்தன.

செவ்வாய், வியாழன், சனி காலைகளில் அளவு. எலியின் பிடரித் தோலை இடக்கையால் கொத்தாகப் பிடித்துத் தூக்குவாள். வலக்கையில் கேலிப்பர். அதன் இரண்டு தாடைகளையும் தொடையின் இருபுறமும் தொடும்படி மூடினால், சின்னத் திரையில் மில்லிமீட்டர் தெரியும். எலியை இறக்கிவிட்டுத் தாளில் எழுதுவாள். ஒரு எலிக்கு ஒரு வரி. எழுதப்போகும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே முந்தைய அளவின் எண் இருக்கும்.

நான்காம் கூண்டில் பதினான்காம் எண் எலிக்குப் பதின்மூன்றாம் நாள் 12.5 வந்தது. அதற்கு முந்தைய எண் 12.8. மற்ற மூன்றும் ஏறிக்கொண்டிருக்க இது மட்டும் ஒரு நூலளவு இறங்கியிருந்தது. மேடம் அந்த எண்ணின் மேல் விரலை வைத்து, எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"இது கொறையுதா?"

"தெரியல மேடம். கொறஞ்ச மாதிரிதான் இருக்கு."

"விடாதே. நல்லாப் பாத்துக்கோ."

ஜோஸ்னா நல்லாத்தான் பார்த்துக்கொண்டாள். பதினைந்தாம் நாள் 11.8. பதினேழாம் நாள் 10.1. அன்று மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். இரண்டு வருடத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பதினாலோட ரத்தம் பாத்தாச்சு. கொல்லி செல்லு ஒண்ணுகூட இல்ல. ஊசி வேலை செஞ்சிருக்கு. பின்ன யாரு கட்டியக் கரைக்கிறது? வேற ஏதோ செல்லு தனியாவே இந்த வேலையச் செய்யுது. இது சாதாரண காரியம் இல்ல, கேட்டியா. வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்துல இந்த கிராஃபக் காட்டப் போறேன். அளந்தது ஜோஸ்னான்னு அதுல உன் பேரும் வரும். கட்டுரையா வரும்போ அதுலயும் வரும்."

அவள் சரி என்று தலையாட்டினாள். அன்று மாலை பேருந்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, தன் பெயரை இங்கிலீஷில் எப்படி எழுதுவார்கள், அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்று பாறசாலை வரைக்கும் யோசித்துக்கொண்டு போனாள். வீட்டுக்குப் போனதும் அம்மாவைப் போனில் கூப்பிட்டாள். பின்னால் குழந்தை கத்திக்கொண்டிருந்தது.

"அம்மா, என் பேரு ஒரு கட்டுரையில வரப்போவுது."

"எதுல?"

"ஆராய்ச்சியில. எலிக்கு வந்த கட்டி..."

"நல்லதாக்கும் மோளே. இவளுக்கு ரெண்டு நாளா சளி. நான் பெறவு விளிக்கேன், என்ன?"

அம்மா பிறகு கூப்பிடவில்லை. அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. குழந்தைக்குச் சளி என்றால் அம்மாவுக்கு வேறு எதுவும் காதில் ஏறாது. ஆனாலும் சொல்ல வேண்டிய இன்னொரு ஆளை அவளால் யோசித்து எடுக்க முடியவில்லை. போனில் பெயர்களை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

இருபதாம் நாள் செவ்வாய்க்கிழமை. கூண்டு கழுவும் சஜி அன்றைக்கு எல்லா எலிகளையும் சுத்தமான கூண்டுகளுக்கு மாற்றி, அலமாரியில் அடுக்கிவிட்டுக் கதவருகே நின்றான். நாற்பது வயதுக்காரன். குரலை உயர்த்தாமல் கேலி பேசுவதில் சமர்த்தன்.

"ஒனக்க மெம்பர் சொகமா இருக்காரு பிள்ளே. இண்ணும் மூலையிலதான் கெடப்பு."

பதினான்கு மற்ற மூன்றோடு சேர்ந்து படுக்காது. பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்ற ஆள் மாதிரி தனியாகவே கிடக்கிறது என்று அவன் அதற்கு மெம்பர் என்று பேர் வைத்திருந்தான்.

"சத்தம் போடாதிய அண்ணா. மிரளும்."

"அது மிரளாது. தோத்தவன் எதுக்கு மிரளணும்?"

அவன் போன பிறகு அவள் வேலையைத் தொடங்கினாள். முதல் கூண்டு முடிந்தது. இரண்டாவது தட்டிலிருந்த கூண்டை இழுத்து, கைக்கு வந்த எலியைத் தூக்கினாள். காதில் வெட்டு வலப்பக்கம். அப்படியென்றால் அந்தக் கூண்டின் இரண்டாவது எலி, ஆறாம் எண். கேலிப்பரை மூடினாள். 11.4. எலியை இறக்கிவிட்டு ஆறாம் வரியில் எழுதியபோது பக்கத்துக் கட்டத்தில் 13.6 என்று இருந்தது. மூன்று நாளில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் குறையுமா? அவளுக்கு உடனே தன் மேல்தான் சந்தேகம் வந்தது. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கும் வழக்கம் உள்ளவள். கூண்டைத் தூக்கி அடியில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள். நான்கு. சஜி இரண்டையும் நான்கையும் தட்டு மாற்றி வைத்திருந்தான். எண் அட்டைகள் கழுவுமிடத்தில் காய்ந்துகொண்டிருந்தன.

கூண்டை அதன் இடத்துக்கு மாற்றினாள். ஆறாம் வரியில் எழுதியதை அடித்தாள். அந்த வலக்காது வெட்டு எலி பதினான்கு. மறுபடியும் அதை எடுத்து அளந்தாள்.

9.8.

பதினான்காம் வரியில் 9.8 என்று எழுதிவிட்டாள். எழுதி முடித்த பிறகுதான் அடித்த எண்ணின் மேல் கண் போனது. அதே எலி, அதே தொடை, ஐந்து நிமிட இடைவெளி. யாரென்று தெரியாதபோது 11.4. தெரிந்த பிறகு 9.8.

அவள் அதை மீண்டும் எடுத்தாள். 9.9. மீண்டும். 9.8. தெரிந்துகொண்டு அளக்கும்போது கை ஒரே மாதிரி, அவ்வளவு துல்லியமாக இருந்தது. நான்காவது முறை தாடைகள் மூடுவதை மட்டும் கவனித்தாள். கட்டியின் மென்மையான பகுதிக்குள் அவை கொஞ்சம் புதைந்த பிறகுதான் அவள் கட்டைவிரல் நின்றது. மற்ற எலிகளுக்குத் தோலைத் தொட்டதும் நின்றுவிடும் விரல் அது.

அன்று மாலை பாறசாலைச் சந்தை முக்கில் இறங்கி ஒரு சீப்பு மட்டி வாழைப்பழம் வாங்கினாள். அப்பா விட்டுப்போன கருவிப் பெட்டியில் ஒரு பழைய கேலிப்பர் கிடந்தது. சமையலறை மேசையில் கனிந்த பழங்கள் பத்தை வரிசையாக வைத்து, சும்மா ஒரு முறை அளந்து எழுதினாள். அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு வரிசையில் மூன்றாவது பழம் சிறிதாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி அளந்தாள். அழுத்தக்கூடாது என்றும் சொல்லிக்கொண்டாள். தாளைத் திருப்பிப் பார்த்தபோது ஒன்பது பழங்களும் ஏறக்குறைய அதே எண்ணில் இருந்தன. மூன்றாவது மட்டும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மெலிந்திருந்தது. அதன் தோலில் இரண்டு பக்கமும் மெல்லிய கோடு விழுந்திருந்தது.

அந்தப் பழத்தை உரித்துத் தின்றாள். மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு ஆளுக்கு ஒரு சீப்பு அதிகம். விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அடித்த எண்ணைக் கேட்டால் கூண்டு மாறிவிட்டது என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. சொன்னால் வெள்ளிக்கிழமை இல்லை, பெயர் இல்லை. அவள் அளந்த மற்ற எண்களையும் இனி யார் நம்புவார்கள்? ஒருவேளை கட்டி நிஜமாகவே கரைந்துகொண்டிருந்து, கரையும் வேகத்தை மட்டும் அவள் கை கூட்டியிருந்தால்? அப்படியும் இருக்கலாம். இதுவும் தன் வழக்கமான சந்தேகங்களில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் கதவைப் பற்றிய சந்தேகம் இழுத்துப் பார்த்தால் தீர்ந்துவிடும். இது இழுக்க இழுக்க வளர்ந்தது.

மறுநாள் காலை மேடத்தின் அறைக்குப் போய் நின்றுகொண்டே சொன்னாள். பழத்தைப் பற்றியும் சொன்னாள். மேடம் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. திரையில் பதினொரு கோடுகள் மேலே ஏற, ஒரு சிவப்புக் கோடு மட்டும் தனியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாருக்கும் கை கொஞ்சம் அழுத்தும் ஜோஸ்னா. அதுக்குத்தான் இத்தன எலி."

"எல்லா எலிக்கும் அழுத்தல மேடம். பதினாலுக்கு மட்டுந்தான் அழுத்தியிருக்கேன்."

"நீ எதையாக்கும் சந்தேகப்படாம விட்டுருக்க? போன மாசம் குளிர்பெட்டி மூடலன்னு பஸ்ஸ விட்டு எறங்கி வந்தவதானே நீ. அது மூடித்தானே இருந்துது?"

"மூடித்தான் இருந்துது."

"பின்ன?"

ஜோஸ்னா அடித்த எண் இருந்த தாளை மேசையில் வைத்தாள். மேடம் அதை எடுத்து 11.4ஐயும் 9.8ஐயும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"நாளைக்கு எப்பிடியும் முடிக்கிற நாளாக்கும். தராசு அழுத்தாது இல்லியா? அதுல பாப்போம்."

வியாழக்கிழமை சோதனையின் கடைசி நாள். எலிகளை வலியில்லாமல் முடித்து, இரண்டு பின்னங்கால்களையும் எடுத்துத் தனித்தனியே நிறுக்க வேண்டும். கட்டி உள்ள காலுக்கும் இல்லாத காலுக்கும் உள்ள வித்தியாசம்தான் கட்டியின் எடை. சஜி கூண்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அன்று ஒன்றும் பேசாமல் வெளியே போனான். முடிக்கிற நாளில் அவன் எப்போதும் பேசமாட்டான். மேடம் முதலில் நான்காம் கூண்டை எடுக்கச் சொன்னார். பதினான்கு கடைசியில் இருக்கட்டும் என்றார்.

பதின்மூன்று: ஒன்றரை கிராம். பதினைந்து: ஒன்று புள்ளி ஆறு. பதினாறு: ஒன்றரைக்குச் சற்று மேல். மேடம் சொல்லச் சொல்ல ஜோஸ்னா எழுதினாள். பிறகு பதினான்கு. தராசின் கண்ணாடிக் கதவை மூடியதும் எண்கள் ஓடி நின்றன. மேடம் மற்ற காலையும் வைத்துப் பார்த்து, கழித்துச் சொன்னார்.

"புள்ளி ஆறு."

மற்றவற்றில் பாதிகூட இல்லை. கட்டி நிஜமாகவே சின்னதாக இருந்தது. ஜோஸ்னா அந்த எண்ணைச் சட்டென்று எழுதினாள். ஆனால் மேடத்தின் முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை. அவர் ஒரு காலி நாற்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சின்னதுதான். இது நீ செஞ்சதில்ல. ஆனா ஒண்ணு கேக்கட்டா? இது பெருசாகிட்டு பெறவு கொறஞ்சுதா? இல்ல, மொதல்லயே பெருசாகாம அங்கேயே நிண்ணுதா?"

ஜோஸ்னா தாளைப் பார்த்தாள்.

"ரெண்டும் வேற வேறயாக்கும், கேட்டியா. பெருசாகிட்டு கொறஞ்சா, கொல்லி செல்லு இல்லாமலே உடம்பு அதை வென்னுருக்கு. பெருசாகவே இல்லன்னா, ஊசியில வைரஸ் கொஞ்சம் சிந்திப்போயிருக்கும், அவ்வளவுதான். தராசுக்கு இண்ணைக்கு உள்ளதுதான் தெரியும். போன வாரம் எப்பிடி இருந்துதுன்னு இந்த உலகத்துல ஒரே ஆளுக்குத்தான் தெரியும். நீ சொல்லு. கொறஞ்சுதா?"

மேடம் அதை மிரட்டலாகக் கேட்கவில்லை. கெஞ்சுவது போலக்கூட இருந்தது. கொறஞ்சுது என்ற ஒரு வார்த்தை போதும், மீதியை மேடம் பார்த்துக்கொள்வார். ஜோஸ்னா கண்ணை மூடிப் பதின்மூன்றாம் நாளை நினைத்துப் பார்த்தாள். அந்த 12.5. அன்றைக்கு அவளுக்கு எந்த ஆசையும் இல்லை, கை சுத்தம். ஆனால் 12.8க்கும் 12.5க்கும் உள்ள வித்தியாசம் எலி காலை உதறினாலே வந்துவிடும். பதினைந்தாம் நாள்? மேடத்தின் விரல் அதற்குள் அந்த எண்ணின் மேல் பட்டிருந்தது. பதினேழாம் நாள்? அவள் விரலின் நினைவைத் தேடினாள். தொட்டதும் நின்றதா, புதைந்து நின்றதா? விரலுக்கு எதுவும் நினைவில் இல்லை. இருபதாம் நாளின் 11.4 மட்டும் யாரும் ஆசைப்படாத எண். ஆனால் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஏறியதா இறங்கியதா என்று சொல்ல முடியாது.

"எனக்குத் தெரியாது மேடம்."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சேன். தெரியாது."

மேடம் அவளைப் பார்த்தார். கோபமா என்று ஜோஸ்னாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு மேலங்கிப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தாளோடு சேர்த்து அவள் பக்கம் தள்ளினார்.

"எழுது."

பதினான்காம் வரிக்கு எதிரே இருந்த இடம் குறுகலாக இருந்தது. அவள் சின்ன எழுத்தில், பதின்மூன்றாம் நாளுக்குப் பிறகு இந்த எலியை அளந்தவருக்கு எந்த எலி என்பதும் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பதும் தெரிந்திருந்தது, இந்த எண்களை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதினாள். கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேடம் வாங்கிப் படித்து, பக்கத்தில் தானும் கையெழுத்திட்டார்.

"அடுத்த தடவ ரெண்டு பேரு அளக்கணும். முந்தின நம்பர் தெரியாத மாதிரி நாளுக்கு ஒரு தாள்," என்று தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். அந்த இரண்டு பேரில் ஜோஸ்னா உண்டா என்று சொல்லவில்லை. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். வெள்ளிக்கிழமை வரவில்லை, கிராஃப் தயாரில்லை என்று அவர் யாரிடமோ மலையாளத்தில் சொல்வது கண்ணாடிக்கு அப்பாலிருந்து மெல்லக் கேட்டது. ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். மேடம் காரணம் சொல்லவில்லை, கொஞ்சம் பாக்கி உண்டு என்று மட்டும் சொன்னார்.

ஜோஸ்னா தராசின் தட்டைத் துடைத்து, காட்டும் எண் பூஜ்யத்துக்கு வரும் வரை காத்திருந்தாள். இன்னும் இருபது எலிகள் பாக்கி. அவற்றில் பன்னிரண்டின் தொடைகள், நோயே வராதவை போலத் தட்டையாக இருந்தன. மேடம் திரும்பி வந்து கையுறையை மாட்டிக்கொண்டார்.

"அடுத்தது எது?"

"ஒண்ணாம் கூண்டு," என்றாள் ஜோஸ்னா. எழுதுவதற்குப் புதிய தாள் ஒன்றை எடுத்து வைத்தாள்.